அரை அங்குலச் சாக்கெட்

எண்பதுகளின் தொடக்கத்தில் நட்டுக் கழற்றும் பழைய சாக்கெட் ஸ்பேனர் செட்டுகள்மீது எனக்கு ஒரு பித்து இருந்தது. நான் மெக்கானிக் இல்லை. கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீடு. சொந்தமாகக் கார்கூட கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஏதாவது ஒரு பழைய இரும்புக் கடையில் போய் நிற்பேன். குவியலுக்குள் கையை விட்டு சாக்கெட்டைத் திருகும் ராட்செட் கைப்பிடி ஒன்றை எடுத்து, காதருகே வைத்துத் திருப்புவேன். சத்தம் கனமாக, இடைவெளி விட்டு வந்தால் உள்ளே பற்கள் பெரியவை. பெரும்பாலும் பழைய சாமான். உலகப் போர்க்காலத்தில் செய்தவற்றில் வெள்ளை முலாம் இருக்காது, கறுப்பாக இருக்கும். சிலவற்றில் பொறித்திருக்கும் எண் நட்டின் அளவாக இருக்காது, போல்ட்டின் தடிமனாக இருக்கும். அது பழைய ஆங்கிலேய அளவு. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதில் பெருமை நிறையவே உண்டு.

அந்தப் பித்தினால்தான் கிள்ளானில் ஒரு நண்பர் கிடைத்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். சொந்தமாகக் கார்ப் பட்டறை வைத்திருந்தார். லோரி ஓட்டுநராக இருந்த அவருடைய அப்பா ஒரு தகரப் பெட்டியை விட்டுப் போயிருந்தார். உள்ளே ஒரு ராட்செட், இரண்டு நீட்டுக் கம்பிகள், பன்னிரண்டு சாக்கெட்டுகள். நண்பர் அதை வேலைக்கு எடுப்பதில்லை. அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அது போருக்கு முந்தைய செட் என்று சொன்னேன். எல்லாச் சாக்கெட்டிலும் அடிப்பக்கம் ஓடும் சொரசொரப்பான பட்டையைக் காட்டி, அதை வைத்துத்தான் ஒரே குடும்பம் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்பா கையில இருந்தது என்னான்னே தெரியாம இருந்துட்டேன்ணே!" என்றவர், பட்டறையில் எட்டு வருடமாக வேலை செய்துகொண்டிருந்த, பந்திங் ஊர்க்காரரையும் கூப்பிட்டு என்னை மறுபடி சொல்லச் சொன்னார். அந்த மனிதருக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டுவிட்டுப் போனார்.

நான் அவர்களிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அதே செட் என்னிடமும் இருந்தது. செலாயாங்கில் வாங்கியது. அதில் அரை அங்குலச் சாக்கெட் மட்டும் இல்லை. மூன்று வருடம் தேடியும் கிடைக்காமல், பட்டை இல்லாவிட்டாலும் பார்வைக்கு ஒத்துப்போகும் வேறொன்றைப் பெட்டியில் அதன் குழியில் வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேறொன்று என் சட்டைப் பையில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கொண்டுபோனேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். பெட்டி மேசைமேல் திறந்திருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட, நண்பர் வெளியே போனார். நான் மாற்றிவிட்டேன். கை நடுங்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால்தான் அதிகம் கூசுகிறது. அவர் திரும்பி வந்து பெட்டியை மூடி வைத்தார். இருவரும் ஆளுக்கொரு கிளாஸ் தே குடித்தோம்.

நான்கு மாதம் கழித்து நான் போனபோது நண்பர் முகம் இருண்டிருந்தது. அந்தச் சாக்கெட்டை என் கையில் வைத்தார்.

"பாருங்கண்ணே. பட்டை இல்ல. நீங்க சொல்லிக் குடுத்ததாலதான் கண்டுபிடிச்சேன். இது வேறதானே?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஆமா, வேற" என்றேன்.

"சாவி என்கிட்டயும் அவன்கிட்டயும்தான் இருக்கு" என்று உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பந்திங்காரர் பக்கம் கண்ணைக் காட்டினார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சும்மாவாவது இருந்திருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "பழைய சாமானுக்கு வெளியில நல்ல கிராக்கி இருக்குலா."

அடுத்த முறை போனபோது அந்த மனிதர் அங்கே இல்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக நண்பர் சொன்னார்.

அதற்குப் பிறகு என் பெட்டியைத் திறக்கவே மனம் வரவில்லை. ஆறு மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பந்திங்குக்கு பஸ் ஏறினேன். காப்பிக் கடையில் விசாரித்ததில், பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லோரியில் செம்பனைக் குலை ஏற்றுகிறார் என்றார்கள். லோரி ஓரமாக நின்று விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "தெரியும் சார்" என்றார்.

"அன்னைக்கு நான் காருக்கு அடியில படுத்திருந்தேன். நீங்க பாக்கெட்ல போட்டத பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"பாஸ் உங்கள பத்தி அவ்ளோ பெருமையா பேசுவாரு. நான் சொன்னா நம்புவாரா? சொல்லியும் நம்பலன்னா, அது இன்னும் கேவலம்லா." குலையை ஏற்றிவிட்டுத் திரும்பினார். "என் மச்சான் வீட்டுலயே கேட்டுட்டாங்க, எதத் திருடுனேன்னு. இப்ப என்கிட்ட வந்து சொல்லி என்ன? அங்க போய்ச் சொல்லுங்க."

மறுநாளே என் பெட்டியோடு கிள்ளானுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். நண்பர் கத்தவில்லை. அரை அங்குலச் சாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். முழுச் செட்டையும் அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.

"எங்கப்பாவோடது போதும்" என்றார். என் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார். "பெத்த தாய்மேல சத்தியம் பண்ணான் சார் அவன். நான் நம்பல."

அதுவரை நான் அவருக்கு அண்ணன். அன்றைக்கு சார் ஆகிவிட்டேன்.

அன்றே நண்பர் பந்திங்குக்குப் போய் அவரை வேலைக்குக் கூப்பிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த மனிதர் உட்காரவைத்துத் தே கொடுத்தாராம். ஆனால் வேலைக்குத் திரும்பவில்லை.

என் மனைவிக்கு இது எதுவும் தெரியாது. அந்தத் தீபாவளிக்கு அவள் முறுக்கும் அதிரசமும் கட்டிக் கொடுத்து, "கிள்ளான் தம்பி வீட்டுக்குக் குடுத்துட்டு வாங்க" என்றாள். பஸ் ஸ்டேஷன் வரை போனேன். அங்கே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த மலாய்க்காரரிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வீடு திரும்பினேன்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்குன்னாங்க" என்றேன்.