கோட்டையைத் தின்ற தோட்டங்கள்

கோட்டை மண் உப்புக் கரிக்கும். யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை, தின்று பார்த்தே எழுதுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கு விடுமுறை விட்ட சித்திரை வெயிலில், மாட்டு வண்டியிலிருந்து எங்கள் தோட்டத்தில் அந்த மண்ணைக் கொட்டும்போது எழும் சாம்பல் நிறப் புழுதி உதட்டில் வந்து ஒட்டும். நாக்கால் தடவினால் சுருக்கென்று உப்பு ஏறும். அம்மா பார்த்துவிட்டால் முதுகில் ஒன்று விழும்.

ஈரோட்டுக்கும் சென்னிமலைக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரின் மேற்கே அந்த மண்கோட்டை கிடந்தது. மைசூர்க்காரர்கள் கட்டியது என்பார்கள். அவர்களிடமிருந்து கும்பினிப் பட்டாளம் பிடித்தது, மறுபடி அவர்கள், மறுபடி இவர்கள் என்று கைமாறி, கடைசியில் வெள்ளைக்காரர்கள் கொஞ்ச காலம் உள்ளே குதிரைகளைக் கட்டி வைத்திருந்துவிட்டு, சண்டை ஓய்ந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. மஞ்சள் வெள்ளாமைதான் சொல்லித் தந்தது. "குதிரைச் சாணியும் பட்டாளத்துக்காரன் ரத்தமும் ஊறுன மண்ணுங்க, இதுக்கு மேல யூரியா எதுக்குங்க?" என்று அப்பா பார்ப்பவரிடமெல்லாம் மார்தட்டிக்கொள்வார். அவர் மட்டுமல்ல, வண்டி வைத்திருந்த எல்லோரும் வருஷா வருஷம் மஞ்சள் நடவுக்கு முன்னால் கோட்டையை அள்ளி வந்து தோட்டத்தில் கொட்டினார்கள். பீரங்கிக்குத் தப்பிய மதிலை நாங்கள் கூடை கூடையாகத் தின்று தீர்த்தோம், யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

எங்களுக்கு மண் வெட்டியவர் ஆறுமுகம். கூடை சுமந்தவர் அவர் மனைவி சரசாள். அப்பாவைவிட மூத்தவரான ஆறுமுகம், தோட்டத்து முதலாளி என்பதால் அப்பாவைப் "பண்ணாடி" என்று கும்பிட்டுத்தான் பேசுவார். பத்து வயதுப் பெண்ணான நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அன்று ஊர் அப்படித்தான் இருந்தது. இன்று நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

மதிலின் மேல்பக்கம் வெயிலில் காய்ந்து பாறையாக இறுகியிருக்கும், கடப்பாரை இறங்காது. ஆகவே எல்லோரும் அடியில்தான் குடைவார்கள். குடையக் குடைய மேலே இருப்பது தானாகச் சரியும். சரியப் போகிற நேரம் பார்த்து விலகிக்கொள்வது வெட்டுகிறவரின் பாடு. அந்த வருஷம் கோடை மழை ஒன்று பலமாகப் பெய்தது. மறுநாள் காலை ஆறுமுகம் மதிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மண்ணு ஊறிப்போயிருக்குதுங்க பண்ணாடி. ரெண்டு நாள் காயட்டுங்க" என்றார். அப்பாவுக்கு அவசரம். "நாளைக்கு ஏர் கட்டோணும். ஒரே ஒரு நடை அள்ளிப்போட்டு வந்துரு" என்றார். ஆறுமுகம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனார்.

நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை. நெல்மூட்டையைக் கீழே போட்டது போல ஒரு 'தொப்', அவ்வளவுதான். காலிக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த சரசாள் கூடையை வீசிவிட்டு ஓடினார். சரிந்த மண்ணுக்குள் கிடந்த ஆறுமுகத்தின் மேல் மண்வெட்டி பட்டுவிடுமோ என்று பயந்து எல்லோரும் கையாலேயே பறித்தார்கள். அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பறித்தார். வெளியே எடுத்தபோது ஆறுமுகத்தின் கண்ணிமையிலும் காதிலும் அந்தச் சாம்பல் மண் அப்பியிருந்தது. உயிர் இல்லை.

அப்பா கெட்டவர் இல்லை. சாவுக்கு வேண்டியதையெல்லாம் முன்நின்று செய்தார், இரண்டு நாள் சாப்பிடவும் இல்லை. ஆனால் அடுத்த வாரமே, பறித்துப் போட்ட அந்த மண்குவியலைக் காட்டி, "கெடக்கறதை எதுக்கு உடறது?" என்று வேறு ஆட்களை விட்டு அள்ளித் தோட்டத்தில் கொட்டிவிட்டார். அதில் ஒரு குற்றம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை, அதுதான் எனக்கு இன்றும் ஆறாமல் இருக்கிறது.

கருமாதி முடிந்ததும் சரசாள் எங்கள் வாசலுக்கு வந்தார். "ஏனுங்க பண்ணாடி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. அவரு மேல உளுந்த மண்ணை மட்டும் தோட்டத்துல எறைக்காதீங்க. அதை எடுத்த எடத்துலயே கொண்டுபோயிப் போட்ருங்க."

"கொட்டுன மண்ணை ஆராச்சும் திருப்பி அள்ளுவாங்களா? மண்ணுக்கு என்ன தெரியும் சரசா?" என்றார் அப்பா.

"மண்ணுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமுங்க. அதுல மஞ்ச மொளைச்சா நான்தானுங்க களையெடுக்க வரோணும்."

அப்பா உள்ளே போய்விட்டார். மறுநாள் விடிந்து ஏரோடு போனால், சரசாள் அந்தக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை, ஏசவில்லை, யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. ஏர் ஓட்ட வந்தவர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு வரப்பில் நின்றார்கள். "புருசன் செத்ததுல புத்தி பேதலிச்சுப்போச்சு" என்றார்கள் சிலர். அப்பா கத்தினார், பிறகு கெஞ்சினார், பிறகு அவரும் வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். உச்சி வெயிலில் அம்மா மோர் கொண்டுபோய்க் கொடுத்தார், சரசாள் வாங்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அங்கே கிடந்த கூடையில் கையால் மண்ணை அள்ளத் தொடங்கினார்.

எங்கள் ஊரில் பண்ணாடி வீட்டுப் பெண் மண் சுமந்து யாரும் பார்த்ததில்லை. அதுவும் ஒரு கூலிக்காரப் பெண்ணின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு. "ஏய், என்ன பண்றே? ஊரே பாக்குது!" என்று அப்பா பதறி எழுந்தார். அம்மா நிமிராமலே, "பாக்கட்டுங்க. நீங்க வண்டியக் கட்டுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் சரசாள் குவியலை விட்டு இறங்கினார். இறங்கி, அம்மாவின் கூடைக்கு மறுபக்கம் கை கொடுத்தார். அப்பா வண்டியைக் கட்டினார். பொழுது சாயும் வரை மூன்று பேரும் அந்த மண்ணைக் கோட்டைக்குத் திருப்பிக் கொண்டுபோய் மதிலடியில் கொட்டினார்கள். வண்டிக்குப் பின்னால் நடந்துபோன எனக்கு அழுகை அழுகையாக வந்தது, ஏனென்று அப்போது தெரியவில்லை.

அந்த இடத்தில் அதற்குப் பிறகு ஒருவரும் மண்வெட்டியை வைக்கவில்லை. பயமா, மரியாதையா, தெரியாது. மற்ற பக்கங்களை மட்டும் ஊர் விட்டுவைக்கவில்லை. மாட்டு வண்டி போய் டிராக்டர் வந்தது, டிராக்டர் போய் பொக்லைன் வந்தது. கொத்தளங்களும் குதிரை கட்டிய இடமும் அகழிக்கரையும் போன இடம் தெரியவில்லை. சரசாள் மகனோடு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனவர், அங்கேயே காலமானார். அப்பாவும் அம்மாவும் இல்லை. தோட்டத்தை மனை போட்டு விற்றாகிவிட்டது.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மிஞ்சியிருக்கும் அந்த ஒரு துண்டு மதிலைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். மைசூர்ப் படை, கும்பினிப் படை, யார் கட்டியது, யார் பிடித்தது, எல்லாம் விவரமாக இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளை அழைத்து வந்த ஆசிரியர் ஒருவர், "சுண்ணாம்புக் கலவை பலமா இருந்ததால இந்தப் பகுதி மட்டும் தப்பிச்சிருக்கு" என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஐயோ, அது வெறும் மண் ஐயா என்று சொல்ல வாயெடுத்தவள், பலகையைப் படிக்கத் திரும்பினேன். பலகையின் கடைசி வரி, இங்கே மண் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்றது. இங்கிருந்து எடுத்த மண்ணைத் திருப்பிப் போடச் சொல்லி முப்பது வருஷத்துக்கு முன்னால் சரசாள் உட்கார்ந்தபோது அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள்.