ஒத்தக்காது அத்தையின் இடது பக்கம்

மருமகளாகக் காலெடுத்து வைத்த அன்றே அந்தப் பெயர் அவள் காதில் விழுந்தது. நாத்தனார்தான் கிசுகிசுத்தாள்: "ஒத்தக்காது அத்தைகிட்ட பாசமா பேசணும்னா வலது பக்கம் நில்லுங்க அண்ணி. திட்டணும்னா இடது பக்கம்."

மாமனாருடன் பிறந்தவர்கள் மூன்று பேர். ஒத்தக்காது கடைக்குட்டி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டே, தாயில்லாத அண்ணன் பிள்ளைகளை ஆளாக்கியவள். அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அதனால்தான் ஒன்றரை வயதாகியும் மருமகளின் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடவில்லை.

"ஒரு தடவை வந்துட்டுப் போச்சுன்னா ஜென்மத்துக்கும் எட்டிப் பாக்காது. ஊசி எதுக்கு?" என்பாள் அத்தை.

ஒரு திங்கட்கிழமை மருமகள் கையுறைக் கம்பெனியில் தைத்துவிட்டு வீடு திரும்பினாள். மடியில் குழந்தையோடு இருந்த அத்தை சாவகாசமாகச் சொன்னாள்: "எதிர்வீட்டுப் பையனுக்குத் தட்டம்மை. நேத்து மத்தியானம் இவளையும் அவன் பக்கத்துல படுக்க வச்சேன். சின்ன வயசுலயே வந்து தொலையட்டும்."

மருமகள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டாள்.

"மூணு நாளுக்குள்ள ஊசி போட்டா தடுக்க வழியிருக்கு. ஆறு மணிக்குப் பூட்டிடுவேன். அடுத்த ரெண்டு நாள் லீவு," என்றாள் நர்ஸ்.

மணி ஐந்தே கால்.

"குழந்தையைக் கொடுங்க அத்தை!"

அத்தை அசையவில்லை. இடது பக்கம் நின்று கத்துவது அப்போதுதான் மருமகளுக்கு உறைத்தது. சுற்றி வந்து வலது பக்கம் மண்டியிட்டாள்.

"அந்தக் காது ஏன் அத்தை கேக்காது?"

"சின்னப்புள்ளைல காய்ச்சல் வந்துச்சு."

"என்ன காய்ச்சல்?"

அத்தையின் விரல் குழந்தையின் காதுமடலிலேயே நின்றுவிட்டது. "அக்காவுக்குத் தட்டம்மை. அம்மா என்னையும் பக்கத்துல படுக்க வச்சா. அக்கா பத்து நாள்ல எந்திரிச்சு ஓடிட்டா. எனக்குக் காதுல சீழ் வச்சுது." சட்டென்று வீறாப்பாக, "ஆனா ரெண்டு பேருக்கும் திரும்ப வரலையே!" என்றாள்.

"வரல அத்தை. உங்க காதும்தான் திரும்ப வரல."

 அத்தை குழந்தையை இடுப்பில் ஏற்றினாள். "நின்னுட்டே இருந்தா? என் செருப்பை எடுடி."

அவர்கள் போய்ச் சேரும்போது நர்ஸ் பூட்டைக் கையில் எடுத்துவிட்டாள்; திரும்ப உள்ளே போய் ஊசி போட்டாள். அங்கேயும் அத்தை விடவில்லை. "வந்துட்டுப் போற பலம் இதுல வருமாம்மா?"

"வந்துட்டுப் போனாலும் பலம்தான், பொய்யில்ல. ஊசியிலயும் உடம்பு அதைத்தான் கத்துக்குது, ரெண்டாவது ஊசியும் போட்டா உறுதி. ஆனா நோய்கிட்ட கத்துக்கப் போனா காது போகலாம், உயிரே போகலாம். யாருக்குன்னு முன்னாடியே தெரியாது."

எட்டாம் நாள் குழந்தைக்கு உடம்பு சுட்டது.

"ஊசிக் காய்ச்சலாவும் இருக்கலாம், நோயாவும் இருக்கலாம். கவனிச்சுப் பாருங்க," என்றாள் நர்ஸ்.

அத்தை வேலைக்குப் போகவில்லை. மணிக்கொரு தரம் குழந்தையை ஜன்னலோரம் தூக்கிப்போய்க் காதுக்குப் பின்னால் புள்ளி தெரிகிறதா என்று தேடினாள். வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் சூடு தணிந்தது. மூன்று வாரம் ஓடியும் ஒரு புள்ளி இல்லை. அன்றைக்கு அத்தை குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று, முதலில் இடது பக்கம், அப்புறம் வலது பக்கம் சாவிக்கொத்தைக் குலுக்கினாள். குழந்தை இரண்டு முறையும் திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது ஊசிக்கு அத்தையே தூக்கிக்கொண்டு போனாள். இப்போதும் அதே சலவைக்கூடத்தில், கேட்காத இடது பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து நின்று, படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள்.