உலக முடிவுக்கு மூன்று மாதப் பயிற்சி

என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி, கிள்ளானில் இருக்கிறார். பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தி ஓய்ந்தவர். கைப்பேசியில் இலங்கையின் இயற்கைக் காட்சிகளைப் பார்க்கத் தொடங்கியதும் அவர் வீட்டில் தொலைக்காட்சி நாடகம் நின்றுபோனது. ரம்பொடை அருவி, சிங்கராஜக் காடு என்று தினமும் ஒன்றை எங்களுக்கு அனுப்புவார். கடைசியாக வந்தது ஹோட்டன் சமவெளி. புல்வெளியைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் ‘உலக முடிவு’ என்று ஒரு செங்குத்துப் பள்ளம்.

“நாம மூணு பேரும் போறோம்லா. டிக்கெட் எடுத்தாச்சு,” என்றார். யாரையும் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. நடை என்றால் காய்கறி வாங்கப் பாசாருக்குள் நடப்பதுதான். எனவே பயிற்சி வேண்டும், அதற்கு பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பதினைந்து மாடிக் குடியிருப்பே போதும் என்று முடிவு செய்தார். ஞாயிறு காலையில் ரயில் பிடித்து வந்துவிடுவார். காலில் புதுச் சப்பாத்து, தலையில் தொப்பி. படிக்கட்டுக்குள் வெயில் ஏது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல் வாரம் நான்காவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டோம். அடுத்த வாரம் ஏழாவது மாடியில் மூச்சிரைக்க நின்றபோது, கதவைத் திறந்த ஓர் ஆன்டி பதறிப்போனார்.

“ஐயோ, லிஃப்ட் மறுபடியும் கெட்டுப்போச்சா?”

என் கணவருக்குப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்றுதான் ஆட்டினாராம். ஆன்டி வேறு மாதிரி புரிந்துகொண்டார். செய்தி குடியிருப்பின் வாட்சாப் குழுவுக்குப் போய், கொஞ்ச நேரத்தில் காய்கறிப் பைகளோடு ஏழெட்டுப் பேர் எங்கள் பின்னால் படியேறி வந்தார்கள். லிஃப்ட் பாட்டுக்குக் காலியாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. உண்மை தெரிந்தபோது ஓர் அங்கிள் பதினோராவது மாடியைத் தொட்டிருந்தார். அதன் பிறகு அவர் எங்களோடு பேசுவதில்லை.

மூன்று மாதம் முடிந்து, இலங்கை போய்ச் சேர்ந்தோம். ஹோட்டன் சமவெளி வாசலில் பைகளைச் சோதித்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் பை கூடாதாம். அண்ணி கிள்ளானிலிருந்து சுமந்து வந்த முறுக்கு முழுவதும் பிளாஸ்டிக்கில்தான் இருந்தது. அவர் அசரவில்லை. அத்தனையையும் என் கணவரின் குளிர்த்தொப்பியில் கொட்டிக்கொண்டு நடந்தார்.

பயிற்சி வீண்போகவில்லை. அண்ணி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் உலக முடிவில் ஒன்றுமே இல்லை. மூடுபனி மட்டும், சுண்ணாம்பு அடித்த சுவர் போல.

“இந்தப் பனிய நம்மூரு கெந்திங் மலையிலயே பாத்திருக்கலாமேக்கா,” என்றார் என் கணவர், காதைப் பொத்திக்கொண்டு.

அண்ணி ஒரு பாறையில் உட்கார்ந்தார். “தொறக்கற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

கூட வந்த வேன் ஓட்டுநர் ஹட்டன் பக்கத்துத் தமிழர். “சில நாளு தொறக்கவே தொறக்காதும்மா,” என்றார் தயங்கியபடி. அவருக்கும் ஒரு முறுக்கைக் கொடுத்து உட்கார வைத்தார் அண்ணி. ஒரு மணி நேரம் நால்வரும் வெள்ளையைப் பார்த்து முறுக்கு கடித்தோம். இடையிடையே என் கணவர் எங்களைப் படம் எடுத்தார்.

சட்டென்று பனி விலகியது. காலடியில் அதலபாதாளம். வெகு கீழே தேயிலைச் சரிவுகள், மினுங்கும் தகரக் கூரைகள். அண்ணி என் கையை இறுகப் பிடித்திருந்தார். பிறகு எட்டிப் பார்த்துக் கவலையோடு சொன்னார்: “அங்க யாரோ துணி காயப் போட்டிருக்காங்க. மழை வரப்போவுது, எடுக்கச் சொல்லு.”

“இங்கேருந்து கத்துனா அவங்களுக்குக் கேக்காதுக்கா.”

“நீ கத்திப் பாத்தியா?”

என் கணவர் பயந்துகொண்டே ஒருமுறை கத்தினார். அதற்குள் பனி மூடிக்கொண்டது. படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

கிள்ளான் வீட்டுக் கூடத்தில் இப்போது ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. வெள்ளைக்கு முன்னால் அண்ணி, கையில் முறுக்கு. வருகிறவர்கள் என்ன இடம் என்று கேட்டால், படத்தைத் தட்டிக் காட்டுவார்.

“உலக முடிவு. எனக்குப் பின்னாடிதான் இருக்கு.”