மத்தியானக் கட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரை நிரப்புவது அவள் கணவரின் வேலை. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, அவருடைய அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போடுவார். நாளுக்கு மூன்று கட்டம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மத்தியானக் கட்டம் வாரம் முழுக்கக் காலி.

மேசையின் மறுமுனையில் அவள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சல்லடை. மருத்துவமனைகளிலிருந்து வரும் தகவலைச் சலித்துச் சுத்தம் செய்து கொடுப்பவள். மேலதிகாரிகூட 'சல்லடை அக்கா' என்றுதான் கூப்பிடுவார். ஒருகாலத்தில் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள்தான். மகள் பைத்தான் என்ற கணினி மொழி வகுப்பில் சேர்ந்து பாதியில் விட்டுவிட, கட்டின பணம் வீணாவானேன் என்று மீதி வகுப்புக்கு இவள் போய் உட்கார்ந்தாள்.

அவளிடம் வரும் தகவல் ஜேசன் என்ற கணினி வடிவத்தில் இருக்கும். டப்பாவுக்குள் டப்பா மாதிரி: நோயாளிக்குள் மருந்துகள், மருந்துக்குள் வேளைகள். பாதி டப்பாக்களில் ஒன்றும் இருக்காது. பழைய நிரல் மேலே இரண்டு அடுக்கைத் துடைத்துவிட்டு நின்றுவிடும், கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விடாமல் பெருக்குகிறவர்களைப் போல. இவள் எழுதிய புதியது எவ்வளவு ஆழமானாலும் உள்ளே இறங்கும். உள் டப்பாவை முதலில் சுத்தம் செய்யும். அதில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் அந்த டப்பாவையே எறிந்துவிடும். நேற்று மாலை ஒரு வார்டில் மட்டும் அதைச் சோதனைக்கு ஏற்றியிருந்தார்கள். இரவு சாப்பிடும்போது பெருமையாகக் கணவரிடம் விளக்கினாள். அவர் இரண்டு தடவை தலையாட்டிவிட்டு உப்பைக் கேட்டார்.

மாமனார் உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கையில் சின்ன ரம்பம்.

"ஏண்டா, இந்த நடுக் கட்டம் சும்மாதானே கிடக்கு? அறுத்து எடுத்துட்டா டப்பா சட்டைப் பையில அடங்கும். எத்தனை வாரமா சொல்றேன்."

"அறுத்தா ராத்திரி மாத்திரை நடுவுல வந்து உட்காரும். நீங்க அதை மத்தியானமே முழுங்கிட்டுத் தலை சுத்துதும்பீங்க."

"எனக்கு எண்ணத் தெரியாதா? பஸ்ஸே ஓட்டினவன்டா நான்!"

"அதான்ப்பா பயமே."

சிரித்தபடி டம்ளரை வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

எதை எறிவது என்பதை அவள் ஒரே வரியில் முடித்திருந்தாள்: மதிப்பு 'இல்லை' என்றால் எறி. பைத்தானுக்கு வெற்றுச் சொல்லும் 'இல்லை'தான், பூஜ்யமும் 'இல்லை'தான். மருத்துவர்கள் எழுதுவதோ ஒன்று, பூஜ்யம், ஒன்று: காலைக்கு ஒன்று, மத்தியானம் கிடையாது, இரவுக்கு ஒன்று. வார்டில் நர்ஸுகள் பார்க்கும் திரையோ வந்ததை வந்த வரிசையில் காலை, மத்தியானம் என்று நிரப்பிக்கொண்டே போகும்.

டம்ளரை வைத்துவிட்டு மடிக்கணினியில் தட்டிப் பார்த்தாள். ஒன்று, ஒன்று. நடுவில் இருந்ததைக் காணோம்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார் கணவர்.

"உங்கப்பா சொன்னதை நான் செஞ்சுட்டேங்க. ஒரு வார்டுக்கே."

கடிகாரத்தைப் பார்த்தாள். மத்தியான மாத்திரைக்கு இன்னும் நேரமிருந்தது. ஆனால் சில வார்டுகளில் முன்னாலேயே எடுத்துவைத்துவிடுவார்கள். தலைமை நர்ஸுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கணவர் பிதுக்குவதை நிறுத்தியிருந்தார்.

"சிஸ்டர், மத்தியான மாத்திரை யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"நீங்களா அக்கா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க ஸ்கிரீன்ல வார்டு மொத்தத்துக்கும் மத்தியான மாத்திரை, ராத்திரி அநேகமா ஒருத்தருக்கும் கிடையாது! சாயங்காலமே எல்லாரும் வீட்டுக்குப் போயிடறாங்கபோலன்னு சிரிச்சுட்டிருந்தோம்."

"குடுத்துட்டீங்களா?"

"ஐயோ, இல்லக்கா. புது ஸ்கிரீனை முதல் வாரம் எவ நம்புவா? டாக்டர் சீட்டைப் பார்த்துத்தான் குடுக்கறோம். பதறாதீங்க."

அவள் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மேசையில் தலையைச் சாய்த்தாள். கணவர் கையிலிருந்த மாத்திரை நழுவி உருண்டு எங்கேயோ போனது.

பழைய நிரலைத் திரும்ப ஏற்றிய பிறகுதான் அந்த வரியில் கைவைத்தாள். எறிய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதினாள்: வெற்றுச் சொல், வெற்றுப் பட்டியல், வெற்று டப்பா, மதிப்பே கொடுக்காமல் விட்டது. பூஜ்யம் அந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வாமை உண்டா என்ற கேள்விக்கு வரும் 'கிடையாது'வும் இல்லை. நேற்றைய நிரல் அதையும் விழுங்கியிருக்கும். தட்டிப் பார்த்தாள். ஒன்று, பூஜ்யம், ஒன்று. அந்த முட்டை வடிவத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, கூடவே மூக்கும் ஒழுகியது.

மேலதிகாரியைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல? அப்புறம் என்னக்கா, சோதனை எதுக்கு வைக்கிறோம்?" என்று அவர் தொடங்கி, எங்கெல்லாம் பூஜ்யம் வரும் என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் மூக்கைத் துடைத்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். கணவர் மேசைக்கு அடியில் நான்கு காலில் ஊர்ந்து மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாமனார் ரம்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"அப்போ அறுக்கலாமா, வேண்டாமா? யாராவது ஒருத்தர் சொல்லுங்கப்பா."

நடுக் கட்டத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு ரம்பத்தைச் செய்தித்தாள்மேல் வைத்துவிட்டு, டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.