வளையத்தில் கீறிய இரண்டு

பத்தொன்பது வருஷம் காதை வைத்துப் பிழைத்தவள் அவள். இசைத்தட்டுத் தொழிற்சாலையில் கட்டுக்கு ஒரு தட்டை எடுத்து, ஓடவிட்டுக் கேட்டு, கரகரப்பு இருந்தால் மொத்தக் கட்டையும் திருப்பியனுப்புவது வேலை. ஆலையை மூடியபின் வீட்டில் சும்மா உட்கார்ந்தாளா? அதுதான் இல்லை. அஞ்சல் வழியில் ஒரு பட்டம், அதன்மேல் இன்னொன்று, ஐம்பத்தெட்டு வயதில் பழைய பாட்டுப் பதிவுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. “டாக்டராகி எனக்கு ஊசி போடப் போறியா?” என்று லாரி ஓட்டும் கணவர் கிண்டலடிப்பார். ஆனால் ராப்பகலாக உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பிழை திருத்தியவரும் அவர்தான்.

ஊரே முணுமுணுத்த ஒரு காதல் பாட்டைப் பாடியது லேபிளில் பெயர் போட்ட நட்சத்திரப் பாடகி இல்லை, குழுவில் நின்ற ஒரு கோரஸ் பாடகி என்று அவள் எழுதியிருந்தாள். அது நிற்காவிட்டால் ஆய்வே கவிழ்ந்துவிடும். தேர்வு நடத்த வந்த பேராசிரியரோ, அதே நட்சத்திரத்தைப் பற்றித் தலையணை கனத்துக்குப் புத்தகம் போட்டவர். நன்றாக மாட்டிக்கொண்டாள் போங்கள்!

வாய்மொழித் தேர்வுக்கு அறை நிறையக் கூட்டம். பேராசிரியர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“லேபிள்ல அவங்க பேர்தான், காப்பகப் பட்டியல்லயும் அவங்க பேர்தான். நீங்க மட்டும் இல்லேங்கிறீங்க. எதை வெச்சும்மா?”

அவள் பையிலிருந்து இரண்டு இசைத்தட்டுகளை எடுத்து வைத்தாள். ஒரே பாட்டு, ஒரே லேபிள்.

“லேபிளை விடுங்க சார். அதைச் சுத்திப் பாட்டில்லாம ஒரு வளையம் இருக்கு பாருங்க, வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க. எத்தனாவது தடவை பாடினதுன்னு அதுல கீறியிருப்பாங்க. ஆலையில நாங்க அதைத்தான் பார்ப்போம்.”

அவர் சன்னலோரம் போய்ச் சாய்த்துப் பிடித்தார். ஒன்றில் 1. மற்றதில் 2. முப்பது வருஷ ஆராய்ச்சிக்காரர் லேபிளோடு நின்றுவிட்டிருந்தார், பாவம்.

“மொத தடவை நட்சத்திரம் பாடிட்டு வேற பதிவுக்குக் கெளம்பிட்டாங்க. அப்புறம் பார்த்தா வயலின் பிசகியிருக்கு. மறுபடி வாசிக்கறப்போ ஒத்தாசைக்குக் கோரஸ்ல நின்ன இவங்க பாடினாங்க. கடைக்குப் போனதுல முக்காவாசி இந்த ரெண்டாவதுதான் சார். லேபிளை மாத்த யாரும் மெனக்கெடல.”

இரண்டையும் ஓடவிட்டார்கள். குரல் வேறு என்று காதுள்ள எவருக்கும் தெரிந்தது.

“சரி, வேற குரல். இன்னாரோடதுன்னு எப்படி?” மனிதர் விடுவதாக இல்லை.

இதற்குத் தாளில் ஆதாரம் கிடையாது. அவள் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

“வரியோட கடைசிச் சொல்லை ரெண்டாப் பிட்டு நடுவுல மூச்சு வாங்குவாங்க சார். வேற யாருக்கும் அந்தப் பழக்கம் இல்ல. அவங்களே வந்திருக்காங்க, பாடச் சொல்லுங்க.”

கடைசி வரிசையிலிருந்து எழுபத்தாறு வயது அம்மாள் ஒருவர் எழுந்தார்.

“இந்தப் பாட்டு வேணாம், பழகிட்டு வந்திருப்பாங்க,” என்ற பேராசிரியர், அந்த அம்மாள் கோரஸ் பாடிய வேறொரு பாட்டைச் சொன்னார். என்ன சாமர்த்தியம்!

“தொண்டையெல்லாம் போச்சுங்களே,” என்றபடி அம்மாள் பாடினார். குரல் உடைந்துதான் இருந்தது. முதல் வரி முடிந்தது. கடைசிச் சொல் பாதியில் நின்றது, மூச்சு வந்தது, மீதிச் சொல் வந்தது. அடுத்த வரியிலும் அப்படியே.

பேராசிரியர் எழுந்து நின்றார். “ஆய்வு தேறிடுச்சும்மா. என் புத்தகம்தான் தேறல.” கைதட்டலில் கணவருடையதே பலமாகக் கேட்டது. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பேராசிரியர் தன் புத்தகத்தைப் பிரித்தார். அந்தப் பாட்டுக்கு நேரே இருந்த பெயரை அடித்து, பாட்டுக்காரம்மாவின் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினார்.

அம்மாள் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுங்க சார்.”