நோர்மா சொன்ன சிம்பான்

நாற்பத்தாறு வயதில் பத்மாவதியின் தலையில் கம்ப்யூட்டர் வந்து விழுந்தது. பினாங்கு வெல்ட் கீ தெருவில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு கப்பல் ஏஜென்சியில் அவள் டைப்பிஸ்ட். எண்பத்தெட்டில் டைப்ரைட்டர்களை ஓரங்கட்டிவிட்டு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அதைக் கற்றுக்கொள்ளாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பெண்கள் இரண்டு பேரும் இன்னும் பள்ளிக்கூடத்தில். வீட்டுக்குப் போய் அவள் என்ன செய்வாள்?

சொல்லிக்கொடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து நோர்மா என்ற மலாய்ப் பெண் வந்தாள். நல்ல பெண்தான், ஆனால் வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஃபைல் என்றாள், பத்மாவதி அலமாரியைப் பார்த்தாள். ஹேங் ஆகிவிட்டது என்றாள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று இவள் பதறினாள். தெரிந்த சொல்லையெல்லாம் பிடுங்கிக்கொண்டு புது அர்த்தத்தை மாட்டிவிட்டால் மனுஷி எங்கே போவாள்? இருந்தும் விடவில்லை. பஸ்ஸில் மெமரி, டிஸ்க், கர்சர் என்று முணுமுணுத்தே உருப்போட்டாள்.

அன்று கப்பல் சரக்குப் பட்டியல் முழுவதையும் அடித்து முடித்தாள். சாப்பிடக் கிளம்பிய நோர்மா வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்: "காக் பத்மா, சிம்பான் டூலு! லெப்பாஸ் து துத்துப்!" பத்மாக்கா, முதலில் சிம்பான் பண்ணு, பிறகு மூடு என்று அர்த்தம். பினாங்கில் பிறந்தவளுக்குச் சிம்பான் தெரியாதா? கழுவின தட்டை அலமாரியில் எடுத்து வைப்பது சிம்பான், நகையைப் பெட்டியில் வைப்பதும் சிம்பான். டிஸ்க்கை உருவி, உறையில் போட்டு, டிராயரில் வைத்துப் பூட்டினாள். கம்ப்யூட்டரை அணைத்தாள்.

சாப்பிட்டுத் திரும்பி வந்து போட்டால் ஒரு வரிகூட இல்லை.

நோர்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். அவள் சொன்ன சிம்பான், 'சேவ்' செய்வது. அடித்ததை டிஸ்க்கில் பதிய வைப்பது. அதுவரை எல்லாம் மெமரியில்தான் இருக்கும், அணைத்தால் மெமரியும் காலி. கேட்கக் கேட்கப் பத்மாவதிக்குக் கண் கலங்கியது. அவமானம்தான், வேறென்ன.

மேனேஜர் குலசேகரம் இரக்கப்பட்டார். "சாயங்காலத்துக்குள்ள லிஸ்ட்டு போர்ட்டுக்குப் போகணும்லா, பத்மாக்கா. பழைய டைப்ரைட்டர்லயே அடிச்சிடுங்க. இந்தக் கருமம் உங்களுக்கு எதுக்கு?"

அந்த இரக்கம்தான் அவளைச் சுட்டது.

"வேணாம் சார். இதுலதான் போச்சு, இதுலயேதான் அடிப்பேன்."

உட்கார்ந்துவிட்டாள். பக்கம் முடியும்போதெல்லாம் சேவ் செய்தாள். பதிந்துவிட்டது என்று நோர்மா சத்தியம் பண்ணியும் நம்பவில்லை. மூடித் திறந்து தன் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொட்டாள். போர்ட்டுக்குப் போகிற ஆள் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்க, பிரிண்டர் கீச்கீச்சென்று கத்திப் பட்டியலைத் துப்பியது.

குலசேகரம் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். பிழை ஒன்றும் இல்லை.

"டைப்ரைட்டர்னா எப்பவோ முடிஞ்சிருக்கும்லா, அக்கா?"

"முடிஞ்சிருக்கும் சார்," என்றாள் பத்மாவதி. "அதோட நானும் முடிஞ்சிருப்பேன்."