என் தங்கை ஜூரியில் உட்கார்ந்த நாள்

என் தங்கை ட்வைலாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வயிறு எரியும். பதினான்கு வருடமாக எரிகிறது.

அவளுடைய முதல் புருஷன் அவளை அடித்தான் என்று இரண்டு பேரும்தான் அவனிடம் நியாயம் கேட்கப் போனோம். அவள் அவன் மூக்கில் ஒரு குத்து விட்டாள். அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்ததும், நான் அடுப்பிலிருந்த இரும்பு வாணலியை எடுத்து அவன் மண்டையில் ஒரு போடு போட்டேன். வெறும் கை என்பதால் அவளுக்குச் சிறு குற்றம்: பத்து நாள் உள்ளூர்க் கவுண்டி ஜெயில், கொஞ்சம் அபராதம். வாணலி ஆயுதமாம், அதனால் எனக்கு ஃபெலனி, பெருங்குற்றம்: மூன்று வருடம் மாநிலச் சிறை. சண்டை யாருடையது? அவளுடையது!

வெளியே வந்த பிறகும் விடவில்லை. வேலையோ வாடகை வீடோ, எந்த விண்ணப்பத்திலும் 'ஃபெலனி உண்டா?' என்று ஒரு கட்டம் இருக்கும். நான் 'உண்டு' என்று குறித்ததும் மூஞ்சி மாறிவிடும். ட்வைலாவுக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் உதவியாளர் வேலை. நான் கோழி ஆலையில் இறக்கை வெட்டுகிறேன். மான் வேட்டைக்கு அவளிடம் துப்பாக்கி இருக்கிறது. நான் அதைத் தொட்டாலே மறுபடி உள்ளே போகவேண்டியதுதான்.

போன நவம்பரில், வழக்கில் தீர்ப்புச் சொல்லும் ஜூரியில் உட்கார அவளுக்கு அழைப்பு வந்தது. அதற்கும் ஒரே புலம்பல்.

"சனிக்கிழம மான் சீசன் ஆரம்பிக்குதுக்கா! இந்த நேரம் பாத்தா கூப்புடணும்?"

"வேணும்னா நான் போறேன்டி."

"உன்னையா? ஃபெலனிக்காரிய ஜூரியில சேக்க மாட்டாங்க, வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிருவாங்க!" என்று சிரித்தாள் பாவி.

வழக்கு ஷெல்பியுடையது. சாலையோர உணவகத்தில் பரிமாறுகிற இருபது வயதுப் பெண். இடுப்பில் கை வைத்தவனைக் காபிக் கோப்பையாலேயே அடித்துவிட்டாள்; அவனுக்கு ஒரு பல் போயிற்று. அடித்ததை அவளே ஒப்புக்கொண்டாள். கோப்பை ஆயுதமா இல்லையா, சிறு குற்றமா பெருங்குற்றமா என்று ஜூரியின் பன்னிரண்டு பேரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போனேன். ஷெல்பி சாட்சிக் கூண்டில் நின்று நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ட்வைலா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

இடைவேளையில் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "ஏக்கா, சிறுசுக்கும் பெருசுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? எப்படியும் தண்டனதானே?"

பதினான்கு வருடம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்கிறாள்! சிறுசு என்றால் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும், பெருசு என்றால் சாகும்வரை கூடவே வரும் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் ஜூரியிடம் வழக்கைப் பற்றி வாய் திறந்தால் அதுவே ஒரு குற்றம். பக்கத்தில் நீதிமன்றக் காவலர் வேறு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்க அதப் பேசக்கூடாது, போடி," என்றேன்.

"உங்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு!" என்று முறைத்துக்கொண்டு போனாள்.

நாற்பதே நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. பெருங்குற்றம். ஷெல்பியின் அம்மா பெஞ்சிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

ட்வைலா காரின் சாவியை எடுத்துக்கொண்டே வெளியே வந்தாள். "அப்பாடா, முடிஞ்சுது! நாளைக்கு விடியக்காலையில கெளம்பணும்."

"நீ என்னடி சொன்ன?"

"பதினோரு பேரு பெருசுக்குக் கை தூக்கி ஓட்டுப் போட்டாங்க. எனக்கு என்னமோ சிறுசுன்னுதான் பட்டுச்சு. ஆனா நான் ஒருத்தி மாட்டேன்னு உக்காந்தா திங்கக்கிழம மறுபடி வரணுமாம். நானும் தூக்கிட்டேன்."

நான் அங்கேயே நின்று அழுதேன்.

"என்னக்கா, எதுக்கு அழுவுற?"

"பொறாமைடி."

"துப்பாக்கி மேலயா? இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கியா?"

"இல்லடி. உன் ஓட்டு மேல."